தாத்தாவைத் தேடாதீர்கள், கங்காணியைத் தேடுங்கள்

என் அப்பா இலங்கையில் மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது அல்லவா, அந்தக் கணக்கில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துதான் பறித்தார்கள். நான் பிறந்தது கோத்தகிரியில். எங்கள் காகிதங்களில் எல்லாம் "தாயகம் திரும்பியோர்" என்று இருக்கும். தாயகத்தில் எந்த ஊர் என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. அப்பாயி "திருச்சி பக்கம்" என்பார். சித்தப்பா "துறையூர்" என்பார். அத்தைக்கு "ஏதோ புதூர்" என்று ஞாபகம்.

அப்பா இறந்து காரியமெல்லாம் முடிந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். அந்த நாளில் தொடங்கிய தேடல் இது. பணம் போனது, சம்பளம் இல்லாத விடுப்பு நிறையப் போனது, வீட்டில் பேச்சு வாங்கினேன். எந்த இடத்தில் தொடங்க வேண்டும், எந்த இடத்தில் காசு கொடுக்கக் கூடாது என்று சொல்ல அப்போது ஒருவரும் இல்லை. மலையக வேர், அதாவது இலங்கை மலைத் தோட்டங்களில் வேர், உள்ள வேறு யாராவது இந்த வேலையில் இறங்கினால் உதவும் என்றுதான் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் பணம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். "உங்கள் பூர்வீகத்தைக் கண்டுபிடித்துத் தருகிறோம், ஏழு தலைமுறை வம்சாவளி" என்று போனில் ஒரு விளம்பரம் வந்தது. பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். அப்பாவின் பாஸ்போர்ட் நகலையும் தாத்தாவின் பெயரையும் வாங்கிக்கொண்டார். முன்பணம் 8,000 ரூபாய். "ஆவணக் காப்பகத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது" என்று பிறகு 14,000. மொத்தம் 22,000 ரூபாய். கொஞ்ச நாள் கழித்து வழவழப்பான தாளில் ஒரு குடும்ப மரம் அச்சிட்டு அனுப்பினார்கள். அழகாகத்தான் இருந்தது. பூட்டன், ஓட்டன் வரைக்கும் பெயர்கள், பிறந்த வருடங்கள், ஊர்ப் பெயர், சர்வே எண் எல்லாம் இருந்தன. அதைப் பார்த்து அப்பாயி அழுதுவிட்டார். அந்த அழுகையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது, ஏனென்றால் அது முழுக்கப் பொய்.

அது பொய் என்று காட்டிக் கொடுத்தது அதே தகரப் பெட்டிதான். அடியில், துணிக்குக் கீழே, மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன ஒரு காகிதக் கட்டு இருந்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைக் குடியுரிமை கேட்டுத் தாத்தா போட்ட விண்ணப்பத்தின் நகல். அது நிராகரிக்கப்பட்ட கடிதமும் கூடவே இருந்தது. அந்தச் சட்டப்படி, திருமணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முந்தைய 7 ஆண்டுகள் இடைவிடாமல் இலங்கையில் இருந்ததாக நிரூபிக்க வேண்டும், திருமணமாகாதவர் என்றால் 10 ஆண்டுகள். அதற்காகத் தோட்டத்துத் துரையிடம் வாங்கிய ஒரு சான்றுக் கடிதத்தைத் தாத்தா இணைத்திருந்தார். "இவரும் இவருடைய தகப்பனாரும் 1928 முதல் இந்தத் தோட்டத்தின் செக்ரோலில் உள்ளனர், இன்ன பெரியகங்காணியின் கீழ்" என்று ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. செக்ரோல் என்பது தோட்டத்தின் தொழிலாளர் பேரேடு, கங்காணி என்பவன் ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவந்து வேலை வாங்குகிறவன். வழவழத் தாளில் இருந்த பூட்டனோ 1934இல் ஊரில் நிலம் வாங்கிக்கொண்டிருந்தார். மஸ்கெலியாவில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் முசிறி தாலுகாவில் எப்படிக் கிரயம் முடித்திருப்பார்? கேட்டபோது போனை எடுக்கவில்லை. பணம் திரும்பவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் வீட்டு வம்சாவளியை நிலப் பதிவேட்டிலிருந்து ஒருவர் எடுத்துத் தருகிறேன் என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு எல்லாம் நிலம் வைத்திருந்தவர்களின் பெயரைத்தான் சொல்லும். கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கைத் தோட்டங்களுக்கு, போனவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலமே இல்லாதவர்கள். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்தித்தான் போனார்கள். நிலம் இருந்திருந்தால் பாதிப் பேர் போயிருக்கவே மாட்டார்கள். அவர்கள் பெயர் பட்டாவில் எப்படி வரும்? ஏஜெண்டு செய்தது என்னவென்றால், நம் தாத்தாவின் பெயரோடு ஒத்துப்போகிற ஒரு பட்டாதாரரைப் பிடித்து அவருடைய பரம்பரையை நமக்கு ஒட்டவைத்தது. கருப்பனும் ராமசாமியும் பெருமாளும் எந்த ஊரில் இல்லை?

இரண்டாவதாகப் போன பணம் கொழும்பில். தாத்தாவின் தங்கை அங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய பிறப்புச் சான்றிதழ் கிடைத்தால் ஊர் தெரியும் என்று ஒரு தரகரிடம் 15,000 ரூபாய் கொடுத்தோம். காலம் போனதுதான் மிச்சம். பிறகு தெரிந்தது, பழைய சான்றிதழில் இருக்கும் பதிவு எண்ணும் தேதியும் கையில் இருந்தால் இலங்கையில் அந்தந்தப் பிரதேச செயலகத்திலேயே உறவினர் ஒருவர் விண்ணப்பித்து நகல் வாங்கிவிடலாம் என்று. எண் இல்லாவிட்டால்தான் எத்தனை வருடப் பதிவுகளைப் புரட்ட வேண்டும் என்பதைப் பொறுத்துக் கட்டணமும் தாமதமும் கூடும். அதனால் வீட்டில் யாரிடம் பழைய சான்றிதழ் இருந்தாலும், கிழிந்திருந்தாலும், எண்ணையும் தேதியையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே இன்னும் சொந்தம் இருக்கிறது என்றால் தரகர் தேவையே இல்லை. எங்களுக்கு அதை எடுத்துக் கொடுத்தது அட்டனில் இருக்கும் அத்தை மகன். செலவு அவனுடைய பஸ் காசும் அலுவலகக் கட்டணமும் மட்டுமே.

அந்தச் சான்றிதழ்களை நிதானமாகப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அவசரத்தில் பெயரையும் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். அப்பாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் தகப்பனார் பிறந்த இடம், இனம் என்று கட்டங்கள் இருக்கின்றன. இனத்துக்கு நேராக "இந்தியத் தமிழர்". அதற்கும் கீழே ஒரு கட்டம்: பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம். எங்கள் காகிதத்தில் அந்தக் கட்டத்தில் பேனாவால் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறது. முதலில் அந்தக் கோடு எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. ஒரு மனிதனுக்குப் பெயர்கூட எழுத இடமில்லை என்று ஒரு காகிதம் சொல்கிறதே! ஆனால் தேடுகிறவனுக்கு அந்தக் கோடு ஒரு தகவல். பூட்டன் இந்தியாவில் பிறந்தவர், ஆகவே கடல் தாண்டியது அவர் தலைமுறையில். தகப்பனார் பிறந்த இடம் என்ற கட்டத்தில் "திருச்சி, இந்தியா" என்று இருந்ததால் தாத்தாவும் கைக்குழந்தையாக இங்கிருந்துதான் போயிருக்கிறார். தேட வேண்டிய காலம் அதோடு சுருங்கிவிட்டது.

வயதானவர்கள் சொல்லும் கதையிலும் இப்படிக் காலம் ஒளிந்திருக்கும். "மாத்தளை வழியாகக் காட்டில் நடந்தே வந்தார்கள், பாதிப் பேர் வாந்திபேதியில் போய்விட்டார்கள்" என்று ஒரு குடும்பத்தில் சொன்னால் அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுக் கதை. "தனுஷ்கோடியில் கப்பலேறினோம்" என்றால் 1914க்குப் பிறகு, தலைமன்னார் சேவை அப்போதுதான் தொடங்கியது. "மண்டபம் கேம்பில் அடைத்து வைத்து அம்மை குத்தினார்கள்" என்றால் அதுவும் பின்னாளைய கதை. 1939 ஆகஸ்டில் இலங்கைக்குக் கூலி வேலைக்குப் போவதையே இந்திய அரசு தடுத்துவிட்டது, அதனால் மேல் எல்லையும் கிடைக்கிறது. அப்பாயியிடம் "எந்த வருடம்?" என்று கேட்டபோதெல்லாம் "எனக்கென்னடா தெரியும்" என்றுதான் பதில் வந்தது. "எப்படி வந்தாங்க, வழியில என்ன சாப்பிட்டாங்க, கையில என்ன கொண்டாந்தாங்க?" என்று கேட்டபோது ஒரு மணி நேரம் பேசினார். போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை பதிவு செய்யாமல் கேட்ட கதையை இரண்டாம் தடவை அதே மாதிரி யாரும் சொல்வதில்லை.

சரி, ஊருக்கு வருவோம். விண்ணப்ப நகலில் பிறந்த ஊர் புதூர், முசிறி தாலுகா என்று இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் புதூரா புத்தூரா என்பதே தெரியாது. அந்த வட்டாரத்தில் புதூர் என்று பெயர் வைத்த குக்கிராமங்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன. தாலுகா எல்லைகளும் மாறிவிட்டன. அன்றைய திருச்சி ஜில்லா என்பது இன்றைய திருச்சி மாவட்டம் இல்லை. பெரம்பலூரும் கரூரும் 1995இல் பிரிந்து போயின. சேலம் ஜில்லா என்று காகிதத்தில் இருந்தால் இன்றைக்கு அது தருமபுரியாகவோ நாமக்கல்லாகவோ கிருஷ்ணகிரியாகவோ இருக்கலாம். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். பழைய காகிதத்தில் இருக்கும் பெயரை இன்றைய வரைபடத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் உடனே விட்டுவிடாதீர்கள்.

நான் ஒவ்வொரு புதூராகப் போனேன். அதில் பட்ட அவமானம்தான் இந்தத் தேடலில் எனக்கு மிகவும் வலித்த பகுதி. வெயிலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து "எங்க பூட்டன் இந்த ஊர்க்காரர், சிலோன் போனவர்" என்று சொன்னால் முதல் கேள்வி "நீங்க என்ன ஆளுங்க?" பதில் சொன்னதும் சிலர் முகம் மாறும், கை எந்தப் பக்கம் போ என்று காட்டும். அடுத்த கேள்வி, வாயால் கேட்கமாட்டார்கள், கண்ணில் தெரியும்: சொத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறானோ? ஒரு ஊரில் பெரியவர் ஒருவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் மகன் வந்து "யாருக்கும் எதுவும் தெரியாது, கிளம்புங்க" என்று சொல்லிவிட்டான். அன்றைக்குத் திருச்சி பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, மூன்று தலைமுறைக்கு முன்னால் துரத்திய ஊர் இன்றைக்கும் அதே மாதிரி துரத்துகிறதே என்று நினைத்து நினைத்து மனம் விட்டுப்போனது.

இந்தக் கட்டத்தில்தான் கூடலூர் பக்கம் தாயகம் திரும்பிய குடும்பங்கள் சில சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பெரிய சங்கம், பதிவு, தலைவர் என்றெல்லாம் கிடையாது. ஒரு பள்ளிக்கூட அறை, ஒரு மேசை, அவரவர் வீட்டுக் காகிதங்கள். மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை, கண்டியில் கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட், தோட்டத்துச் சான்று, பழைய படங்கள். இளைஞர்கள் போனில் படம் எடுத்து நகல் சேர்க்கிறார்கள், வயதானவர்கள் அடையாளம் சொல்கிறார்கள். ஒரு குடும்பத்தில் பூட்டி கழுத்தில் கட்டியிருந்த தகரத் துண்டைக்கூடக் கொண்டுவந்திருந்தார்கள். அன்றைக்கு இந்தியாவிலிருந்து வந்த ஒவ்வொரு கூலிக்கும் தோட்டத்தின் எண் குத்திக் கழுத்தில் மாட்டிய வட்டத் தகரம் அது. கையில் வாங்கிப் பார்த்தேன், ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது, ஓரம் தேய்ந்து மழுங்கியிருந்தது, எண்ணைத் தடவித்தான் படிக்க முடிந்தது.

அவர்கள் வைத்திருந்த நோட்டுப் புத்தகம்தான் எனக்கு வழியைத் திறந்தது. குடும்பப் பெயர் வரிசையில் எழுதாமல், தோட்டத்தின் பெயர், அதற்குக் கீழே டிவிசன் (தோட்டத்தின் ஒரு பிரிவு), அதற்குக் கீழே பெரியகங்காணியின் பெயர் என்ற வரிசையில் எழுதியிருந்தார்கள். ஏன் இப்படி என்று கேட்டேன். ஒரு பெரியம்மா சொன்ன பதில்: "தம்பி, நம்ம ஆளுக தனியா எங்க போனாங்க? கங்காணி தன்னோட ஊருக்குப் போய்த்தான் ஆள் கட்டிட்டு வந்தான். கங்காணி ஊரு தெரிஞ்சா உன் ஊரு அதுக்கு அஞ்சு மைலுக்குள்ளதான்."

யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்க முடியும். மலேயாவுக்கும் இலங்கைக்கும் ஆள் சேர்த்த கங்காணி முறையே அவனவன் சொந்தபந்தத்தையும் ஊர்க்காரர்களையும் முன்பணம் கொடுத்துக் கூட்டிவருவதுதான். கூலிக்கு நிலப் பதிவு இல்லை, கங்காணிக்கு உண்டு. சம்பாதித்த பணத்தில் ஊரில் நிலம் வாங்கியிருப்பான், கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்திருப்பான், கல்வெட்டில் பெயர் போட்டிருப்பான். ஊரில் யாரைக் கேட்டாலும் "சிலோன் கங்காணி வீடு" என்று கைகாட்டுவார்கள். அந்த நோட்டில் எங்கள் தோட்டத்தைப் புரட்டினேன். தாத்தாவின் கடிதத்தில் இருந்த அதே பெரியகங்காணியின் கீழ் இருந்த வேறு ஒரு குடும்பம் கூடலூரிலேயே இருந்தது. அவர்களுடைய குடும்ப அட்டையில் ஊர், பக்கத்து ஊர் இரண்டுமே தெளிவாக எழுதப்பட்டிருந்தன. இவ்வளவு நாளும் நான் அலைந்தது துறையூருக்குத் தெற்கே, ஊர் இருந்தது வடக்கே.

ஆகவே தேடலைத் தொடங்கும்போது தாத்தாவின் பெயரோடு நின்றுவிடாமல் இவற்றையும் கேட்டு வையுங்கள்: தோட்டத்தின் தமிழ்ப் பெயர், டிவிசன், கங்காணி யார், அதே லயத்தில் அடுத்த காம்பராவில் (அறையில்) யார் இருந்தார்கள், அப்பாயியின் பிறந்த வீடு எந்தத் தோட்டம், கல்யாணம் எங்கெங்கே கொடுத்தார்கள். தமிழ்ப் பெயர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. காகிதத்தில் தோட்டத்துக்கு ஸ்காட்லாந்துக்காரர் வைத்த பெயர் இருக்கும், சனங்கள் கூப்பிட்டது வேறு. இரண்டும் தெரியாமல் பொருத்த முடியாது. தோட்டத்துக்கே எழுதிப் பழைய செக்ரோல் கேட்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பெனிகளுக்குப் போனது. கை மாறி மாறி வந்த இடத்தில் பழைய புத்தகத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. கேளுங்கள், கிடைத்தால் நல்லது, அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

கடைசியில் அந்த ஊருக்குப் போனபோது தனியாகப் போகவில்லை. கூடலூர்க் குடும்பத்துப் பெரியவர் கூட வந்தார். டீக்கடைக்கோ கிராம நிர்வாக அலுவலரிடமோ முதலில் போகாமல், அந்த ஊரில் எங்கள் சனங்களின் தெருக் கோயில் பூசாரியிடம் போனோம். வாயைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "நிலம் புலம் எதுவும் கேட்டு வரலைங்கய்யா, சாமி கும்பிட வந்திருக்கோம்." அதற்குப் பிறகு பேச்சே வேறு மாதிரி இருந்தது. குலதெய்வம் என்னவென்று கேட்டார், அப்பாயி சொன்ன பெயரைச் சொன்னேன், தலையாட்டினார். தலைக்கட்டு வரி எழுதும் பழைய நோட்டு ஒன்றில் "சிலோன்" என்று ஓரத்தில் குறித்திருந்த பெயர்கள் சில இருந்தன. அதில் ஒன்று பூட்டனின் அண்ணன் பெயர். பூட்டனின் பெயரே கிடைத்ததா என்றால், இல்லை. அவர் போகும்போது தனித் தலைக்கட்டு ஆகியிருக்கவில்லை. அண்ணன் வழிப் பேரன் ஒருவர் செங்கல் சூளையில் வேலை செய்கிறார், என்னைவிட இரண்டு வயது பெரியவர். "வாப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டிலும் நிலம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் கூச்சமான விஷயம். காகிதங்களைப் பொருத்திப் பார்க்கும்போது எங்கள் குடும்ப அட்டையில் அப்பாவின் தம்பி என்று எழுதப்பட்டிருந்தவர் உண்மையில் அவர் சொந்தத் தம்பி இல்லை என்று தெரியவந்தது. தோட்டத்தில் தாய் தகப்பன் இல்லாமல் போன பிள்ளையைத் தாத்தா தன் பிள்ளையாக எழுதி அழைத்து வந்திருக்கிறார். விட்டுவிட்டு வந்திருந்தால் அந்தப் பிள்ளை என்ன ஆகியிருக்கும்? தாத்தாமேல் எனக்கு இருந்த மரியாதை பல மடங்கு கூடியது. ஆனால் சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு இது தெரியாது. அவர்களிடம் சொல்லலாமா என்று சித்தப்பாவிடம் தனியாகக் கேட்டேன், அவர் வேண்டாம் என்றார், எங்கள் மரத்தில் அவர் இன்றும் அப்பாவின் தம்பிதான். கூட்டத்தில் காகிதத்தை விரிப்பதற்கு முன்பு உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். சாதி, தத்து, இரண்டாம் கல்யாணம் இவையெல்லாம் இந்தக் காகிதங்களில் நிச்சயம் வரும். மற்றவர் சம்மதம் இல்லாமல் நகலைக் கைமாற்றுவதில்லை என்பதைக் கூடலூர்க் கூட்டத்திலும் இப்போது விதியாக்கியிருக்கிறோம்.

காகிதங்களைக் காப்பாற்றுவது பற்றிக் கொஞ்சம். லேமினேஷன் செய்யாதீர்கள், பழைய தாள் சூட்டில் பழுத்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. மடிப்பை மெதுவாக நீவி, வெயில் படாத பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பின்பக்கத்தை மறக்க வேண்டாம், முகாம் முத்திரையும் கையெழுத்தும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கோத்தகிரி ஈரத்தில் குடும்ப அட்டைகளின் மை வேகமாக மங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் ரப்பர் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களிலிருந்தும் சிலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் எங்கள் கங்காணியின் பெயரைக் கேட்க வேண்டும். அந்த ஒரே கங்காணியின் கீழ் போனவர்கள் எத்தனை மாநிலத்தில் சிதறிக் கிடக்கிறார்களோ தெரியவில்லை, பூட்டனின் பெயர் அவர்களில் யாருடைய காகிதத்திலாவது இருக்கும்.